உடற்கல்விப் பாடவேளை இரவல் கொடுப்பதற்கல்ல



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். கோபம் வந்தால் வாசித்து முடித்த பிறகு திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் பெற்றோர் கூட்டம். ஒரு வாப்பா எழும்பிச் சொன்னார்: "சேர், புள்ளைக்கு ஓ.எல் சோதின வருது. இந்த ஓட்டம் பாட்டமெல்லாம் என்னத்துக்கு? அந்த பீரியட்டையும் கணக்குக்குக் குடுத்தா என்ன?" மண்டபமே கைதட்டியது. ஆசிரியர்களும் தட்டினார்கள். பின்வரிசையில் நின்ற உடற்கல்வி ஆசிரியர்கள் நாங்கள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

அந்த வாப்பாவில் எங்களுக்குக் கோபமில்லை. வட்டைக்குள் வெயிலில் நின்று உழைத்த காசில் பிள்ளைக்கு ரியூசன் காசு கட்டுகிற மனிதர் அவர். தன் பிள்ளை தன்னைப்போல் கஷ்டப்படக்கூடாது என்பது அவருடைய நியாயம். எங்கள் கோபம், உடற்கல்வி என்றால் ஓட்டமும் பாட்டமும்தான் என்று அவருக்கு இத்தனை வருடமாகக் காட்டிக்கொடுத்தவர்கள் மீது. அதில் நாங்களும் அடக்கம். அதையும் கீழே மறைக்காமல் எழுதுகிறோம்.

முதலில் நடப்பதைச் சொல்வோம்.

நேரசூசியில் உடற்கல்வி இருக்கிறது. ஆனால் கணித ஆசிரியருக்குப் பாடத்திட்டம் முடியவில்லையென்றால் எங்கள் பாடவேளை போகும். விஞ்ஞான ரீச்சர் லீவு என்றால் எங்களை வகுப்புக்குள் நிற்கச் சொல்வார்கள். தவணைப் பரீட்சை வந்தால் இல்லை. மழை வந்தால் இல்லை. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் முடியும் வரைக்கும் மைதானம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. விழா என்றால் கதிரை தூக்க, பந்தல் கட்ட, பிந்தி வரும் பிள்ளைகளைப் படலையில் மறித்துப் பிடிக்க மட்டும் "பீ.ரி. சேர் எங்க?" என்று தேடுவார்கள்.

எஞ்சிய பாடவேளையை எங்கே போடுவார்கள் தெரியுமா? கடைசிப் பாடவேளை. பகல் ஒரு மணி வெயில். எங்கள் கிழக்கு மாகாணத்து மணலில் அந்த நேரம் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. அப்படிப் போட்டுவிட்டு, "வெயிலுக்க புள்ளையள ஓட உடுறாங்க" என்று எங்களிலேயே குறை சொல்வார்கள்.

சரி, கணக்குக்குக் கொடுத்த அந்த நாற்பது நிமிடத்தால் கணக்கில் பெறுபேறு கூடியதா? காலை ரியூசன், பாடசாலை, பின்னேரம் ரியூசன், இரவில் குர்ஆன் மத்ரஸா அல்லது வீட்டுப்பாடம். ஒரு பிள்ளை நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் குந்தியிருக்கிறது. இதற்கு மேலும் நாற்பது நிமிடம் குந்தவைத்தால் மூளைக்குள் எது போகும்?

இது எங்கள் ஊகம் இல்லை. 1970களில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில், துரோய் ரிவியேர் என்ற பகுதியில் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளில் ஒரு தொகுதியினருக்கு மற்றப் பாடங்களின் நேரத்தைக் குறைத்து, நாளுக்கு ஒரு மணித்தியாலம் உடற்கல்வி கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் படிப்பில் பின்வாங்கவில்லை. பாட நேரம் குறைந்தும் மற்றவர்களை விடக் கொஞ்சம் முன்னுக்கே நின்றார்கள். ஐம்பது வருடத்துக்கு முந்திய விஷயம். நாம் இன்னும் அதே கணக்கைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் உடலை அசைக்க வேண்டும் என்கிறது. 2019 இல் அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளின் தரவுகளைத் திரட்டி வெளியிட்டார்கள். 11 முதல் 17 வயதுள்ளவர்களில் 81 வீதமானோர் அந்த 60 நிமிடத்தைத் தொடவில்லை. பெண்பிள்ளைகளில் 85 வீதம். நாங்கள் கேட்பது 60 நிமிடம் கூட இல்லை. நேரசூசியில் ஏற்கெனவே எழுதியிருப்பதைத் தாருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

1978 இல் யுனெஸ்கோ உடற்கல்விக்கென ஒரு சாசனம் வெளியிட்டது. உடற்கல்வி எல்லோருக்கும் உரிய அடிப்படை உரிமை என்பது அதன் முதல் உறுப்புரை. இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31 ஆவது உறுப்புரை விளையாட்டைப் பிள்ளையின் உரிமை என்கிறது. உரிமையை இரவல் கொடுக்க அதிபருக்கும் அதிகாரமில்லை, எங்களுக்கும் இல்லை.

இனி எங்கள் பக்கத்துக் குற்றம்.

உடற்கல்வி ஆசிரியர்கள் நாங்கள் நன்றாக விளையாடுகிற பன்னிரண்டு பேருக்கு மட்டும் ஆசிரியர்களாக இருந்துவிட்டோம். ஒரு பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மர நிழலில் குந்தியிருந்திருக்கிறோம். பத்துப் பையன்கள் விளையாடுவார்கள், முப்பது பேர் பார்ப்பார்கள், வருகை இடாப்பில் நாற்பது பேருக்கும் உடற்கல்வி நடந்ததாக எழுதுவோம். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையை மைதானத்தைச் சுற்றி ஐந்து தரம் ஓடவிட்டிருக்கிறோம். ஓட்டத்தைத் தண்டனையாக்கியவர்களே நாங்கள்தான். அந்தப் பிள்ளை பெரிய ஆளாகி, ஓட்டம் என்றாலே வெறுக்காமல் என்ன செய்யும்?

ஒரு கணக்குச் சொல்கிறோம், கணித ஆசிரியர்களும் பார்க்கட்டும். வகுப்பில் நாற்பது பிள்ளைகள். நீளம் பாய்தல் படிப்பிக்க ஒரே வரிசையில் நிறுத்துகிறோம். ஒருவர் ஓடிப் பாய்ந்து எழும்ப அரை நிமிடம். நாற்பது பேரும் ஒரு தரம் பாய இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் ஒரு பிள்ளை அரை நிமிடம் அசைந்திருக்கிறது, மிச்சம் பத்தொன்பதரை நிமிடம் வெயிலில் நின்றிருக்கிறது. இதற்குப் பெயர் வரிசையில் நிற்கும் கல்வி.

சங்கீதக் கதிரையைப் பாருங்கள். மெதுவான பிள்ளை, உடம்பு பெருத்த பிள்ளை, கூச்சப்படுகிற பிள்ளை முதல் சுற்றிலேயே வெளியே. யாருக்கு அசைவு அதிகம் தேவையோ அவரை முதலில் குந்தவைக்கிற விளையாட்டு அது. இரண்டு தலைவர்கள் நின்று ஆள் பிரிப்பதும் அப்படித்தான். கடைசி வரைக்கும் யாரும் கூப்பிடாமல் நிற்கிற பிள்ளையின் முகத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம். அப்படி நின்ற ஒரு தம்பி அடுத்த கிழமையிலிருந்து உடற்கல்வி நாளில் மட்டும் வயிற்றுவலி என்று வரமாட்டான். உம்மா மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வலி வயிற்றில் இல்லை என்பது எங்களுக்கு விளங்க ஒரு தவணை போனது.

அதற்குப் பிறகுதான் எங்கள் வகுப்புக்குச் சில சட்டங்கள் வைத்துக்கொண்டோம். இதைத்தான் எங்கள் கற்பித்தல் கொள்கை என்று சொல்கிறோம்.

ஒன்று, யாரும் வெளியே போகமாட்டார்கள். தோற்றவர் குந்துகிற விளையாட்டு எங்கள் பாடவேளையில் இல்லை. பிடிபட்டால் பத்துத் தரம் கயிறு பாய்ந்துவிட்டுத் திரும்ப உள்ளே வரலாம்.

இரண்டு, வரிசை இல்லை. நான்கு நான்கு பேராகப் பிரித்து, ஒரு மூலையில் கயிறு, ஒரு மூலையில் பந்து, ஒரு மூலையில் பழைய டயர், ஒரு மூலையில் சமநிலைப் பயிற்சி. மூன்று நிமிடத்துக்கு ஒருதரம் இடம் மாறுவது. பந்து இல்லையென்றால் பழைய துணியைச் சுற்றிக் கட்டினால் பந்து. இதற்கு எந்த நன்கொடையாளரும் தேவையில்லை.

மூன்று, பிள்ளையைப் பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிடமாட்டோம். தவணை தொடங்கும்போது எத்தனை தரம் கயிறு பாய்ந்தாய், முடியும்போது எத்தனை? பத்திலிருந்து முப்பதுக்கு வந்த பிள்ளை, எண்பதிலேயே நின்ற பிள்ளையை விட நன்றாகப் படித்திருக்கிறது.

நான்கு, ஓட்டம் தண்டனையாகாது. எந்த ஆசிரியர் கேட்டாலும் ஆகாது.

ஐந்து, சுகாதாரப் பகுதியைக் கொப்பியில் மட்டும் எழுதவைக்கமாட்டோம். இருக்கும்போது 15 வினாடி நாடித்துடிப்பை எண்ணி நான்கால் பெருக்கு. ஓடிவிட்டு வந்து திரும்ப எண்ணு. மூன்று நிமிடம் கழித்துத் திரும்ப எண்ணு. இதயம் என்ன செய்கிறது என்பது அந்த மூன்று இலக்கத்தில் விளங்கும். கரப்பந்தாட்டத் திடல் 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம் என்று படம் கீறி ஓ.எல்லில் 'ஏ' எடுக்கிற பிள்ளைக்கு ஒரு பந்தை வலைக்கு மேலால் அடித்து அனுப்பத் தெரியாது. அந்த 'ஏ'யை வைத்து என்ன செய்வது?

இந்த இடத்தில் சிலர் எங்களுக்கு ஆதரவாகப் பேச வருவார்கள். "விளையாட்டால் பதக்கம் வரும், தொழில் வரும், ஊருக்குப் பெயர் வரும்" என்பார்கள். ஜஸாகல்லாஹ், ஆனால் அந்த ஆதரவும் எங்களுக்கு வேண்டாம். இந்த நாட்டுக்கு ஒலிம்பிக்கில் கிடைத்தது இரண்டே இரண்டு பதக்கம். 1948 இல் டங்கன் வைட், 2000 இல் சுசந்திகா ஜயசிங்க. பதக்கத்துக்காகத்தான் உடற்கல்வி என்றால் அதை நாளைக்கே நிறுத்திவிடலாம். எல்லோரும் பாரதியாராக வரவேண்டும் என்றா தமிழ் படிப்பிக்கிறோம்? எல்லோருக்கும் எழுத வாசிக்க வரவேண்டும் என்றுதானே? உடம்புக்கும் அதே நியாயம்தான்.

இல்ல விளையாட்டுப் போட்டியையும் சொல்லிவிடுவோம். அணிநடை, பேண்ட் வாத்தியம், இல்ல அலங்காரம் எல்லாம் நமக்கும் பிடிக்கும். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை போகும்போது, ஆயிரம் பிள்ளைகள் படிக்கிற பாடசாலையில் சுவட்டில் இறங்கியது எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஓடியவனே ஓடுவான், பாய்ந்தவனே பாய்வான். மற்றவர்கள் கூடாரத்துக்குள் இருந்து ஊதுகுழல் ஊதுவார்கள். வில், வாசல், கோபுரம் கட்டுகிற காசில் ஒரு வருடத்துக்குத் தேவையான பந்தும் கயிறும் வாங்கலாம்.

இனிப் பெண்பிள்ளைகள் விஷயம். இதைத் தொட்டால் சிலருக்குச் சுடும். தொடாமல் போனால் எங்கள் மனச்சாட்சி சுடும்.

பதின்மூன்று வயதானதும் "பெரிய புள்ள" என்று மகளை மைதானத்திலிருந்து தூக்குகிறோம். அதே மகள் கலியாணம் முடித்து, இரண்டு மூன்று பிள்ளை பெற்று, நாற்பது வயதில் சீனியும் பிரஷரும் வந்து கிளினிக் வரிசையில் நிற்கும்போது டொக்டர் என்ன சொல்கிறார்? "நாளைக்கு அரை மணித்தியாலம் நடங்க." சுபஹுத் தொழுகைக்குப் பிறகு நம் ராத்தாமார் அபாயாவோடு வீதியோரம் நடக்கிறார்களே, அது டொக்டர் எழுதிக் கொடுத்த நடை. பதின்மூன்றில் நாம் தடுத்ததை நாற்பதில் மருந்துத் துண்டில் எழுதி வாங்குகிறோம்.

மார்க்கம் தடுக்கிறது என்று சொல்லாதீர்கள். நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப்போட்டி வைத்ததும், முதலில் ஆயிஷா (ரழி) முந்தியதும், பின்னொரு நாள் நபியவர்கள் முந்தி அதற்கு இது பதில் என்று சொன்னதும் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. இதை நாம் குத்பாவில் கணவன் மனைவி அன்புக்கு உதாரணமாகக் கேட்டுச் சிரித்திருக்கிறோம். ஒரு பெண் ஓடினார், அதுவும் முந்தும் அளவுக்கு ஓடினார் என்ற பகுதி மட்டும் நம் காதில் விழவில்லை.

வெளியுலகத்தையும் பாருங்கள். மொரோக்கோவின் நவால் அல் முத்தவகில் 1984 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டலில் தங்கம் எடுத்தார். தலைமறைப்போடு உதைபந்தாட்டம் விளையாட 2014 இல் ஃபீஃபா அனுமதித்தது. தலைமறைப்போடு வாள்வீச்சில் இறங்கிய அமெரிக்க முஸ்லிம் பெண் இப்திஹாஜ் முஹம்மத் 2016 இல் ரியோவில் வெண்கலம் எடுத்தார். உலகம் சட்டத்தை மாற்றி வழிவிட்டிருக்கிறது. நாம்தான் படலையைப் பூட்டி வைத்திருக்கிறோம்.

பெண்பிள்ளைகளைச் சந்தியில் நின்று பார்க்கிற ஆட்களுக்கு முன்னால் ஓடவிடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. சுற்றுமதில் உள்ள உள்முற்றம், ஒரு பெண் ஆசிரியை, தளர்வான முழுக்கை உடுப்பு, ஊசி குத்திய ஸ்காப், அந்த நாற்பது நிமிடத்துக்கு ஆண்கள் அந்தப் பக்கம் வராத ஒழுங்கு. இவ்வளவும் போதும். கயிறு, வலைப்பந்து, எல்லே எல்லாம் தாராளமாக நடக்கும். இதைச் செய்ய முடியாத பாடசாலை எது என்று சொல்லுங்கள், வந்து செய்து காட்டுகிறோம்.

கடைசியாக, எங்கள் நெஞ்சில் கிடக்கிற பெரிய பாரம். தண்ணீர்.

நாம் இருக்கிற இடத்தைப் பாருங்கள். கிழக்கே கடல். நடுவில் ஆறும் வாய்க்காலும் வட்டையும். மாரி வந்தால் கிட்டங்கித் தாம்போதி மூடும், சவளக்கடையும் கொலனிகளும் கல்முனையிலிருந்து அறுந்து நிற்கும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி இந்த நாட்டிலேயே அதிக உயிர்களைக் கொடுத்தது நமது அம்பாறை மாவட்டம். 2024 நவம்பர் 26 ஆம் திகதி மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு போனபோது ஆறு மத்ரஸா மாணவர்களின் ஜனாஸாக்களைத் தூக்கினோம். அல்லாஹ் அவர்களை ஷஹீத்களாக ஏற்றுக்கொள்வானாக.

நீந்தத் தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் தப்பியிருப்பார்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அந்த வேகத்தில் பெரிய நீச்சல்காரனும் தடுமாறுவான். அன்றைக்குப் பிழை எங்கே என்பது வேறு பேச்சு. ஆனால் அந்த மையித்துகளை அடக்கிவிட்டு வந்த நாம் அதன் பிறகு எத்தனை பிள்ளைக்கு மிதக்கப் பழக்கினோம்? இந்த நாட்டில் வருடத்துக்கு நூற்றுக்கணக்கானோர் தண்ணீரில் மூழ்கிச் சாகிறார்கள். பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குங்கள் என்று மிம்பரில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். தண்ணீரால் சூழப்பட்ட நம் ஊர்களில் எந்தப் பாடசாலை பழக்குகிறது?

நீச்சல் தடாகம் இல்லை என்பார்கள். பங்களாதேஷிலும் இல்லை. அங்கே கிராமத்துக் குளத்துக்குள் மூங்கிலால் தட்டுப்போட்டு, வேலி கட்டி, நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மிதக்கவும் நீந்தவும், மூழ்குகிற ஆளைத் தண்ணீரில் குதிக்காமல் கம்பு நீட்டிக் காப்பாற்றவும் பழக்கினார்கள். அதை ஆராய்ந்து பார்த்ததில், பழகிய பிள்ளைகள் மூழ்கி இறப்பது 90 வீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. நம்மை விட வசதி குறைந்த கிராமங்கள் அவை. நம்மிடம் குளம் இல்லையா, மூங்கில் இல்லையா, நீந்தத் தெரிந்த மீனவர் இல்லையா? உடற்கல்வியில் ஒரே ஒரு விஷயம்தான் படிப்பிக்க முடியும் என்றால் நாங்கள் இதைத்தான் படிப்பிப்போம்.

இன்னொன்றையும் மறந்துவிட்டோம். உடற்கல்வி வெள்ளைக்காரன் கொண்டுவந்த பாடம் மட்டுமில்லை. நம் மூத்தாப்பாமார் சீனடி அடித்தார்கள், சிலம்பம் சுழற்றினார்கள். கலியாண வீட்டில் பொல்லடி ஆடினார்கள். ஒரு பொல்லடி ஆட்டத்தில் கால், கை, காது, மூச்சு, பக்கத்தில் நிற்பவனோடு ஒத்துப்போகிற பழக்கம் எல்லாம் இருக்கிறது. அதைப் பழக்கிய அண்ணாவிமார் ஒவ்வொருவராக மவுத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். வரவேற்பு நிகழ்வில் அமைச்சருக்கு முன்னால் ஆட மட்டும் பொல்லடி தேவைப்படுகிறது. இருக்கிற ஒரு அண்ணாவியாரைக் கூப்பிட்டு வகுப்பில் நிறுத்துங்கள். வரம்பில் விளையாடிய கிளித்தட்டையும் கொண்டுவாருங்கள். செலவு ஒரு சதமுமில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்:

அதிபர்களே, உடற்கல்விப் பாடவேளையைக் காலையில் போடுங்கள். போட்டதை எடுக்காதீர்கள். எடுத்தே ஆகவேண்டிய நாள் வந்தால் அதே கிழமையில் திருப்பித் தாருங்கள்.

சக ஆசிரியர்களே, எங்கள் பாடவேளையைக் கடன் கேட்காதீர்கள். நாங்கள் ஒருநாளும் உங்களுடையதைக் கேட்டதில்லை.

பள்ளிவாசல் நிர்வாகிகளே, அபிவிருத்திச் சங்கத்து உறவுகளே, இந்த மாரிக்கு முன்னர் ஒரு ஊரில், ஒரு குளத்தில், முப்பது பிள்ளையோடு நீச்சல் பழக்கத்தைத் தொடங்குவோம். ஆண்பிள்ளைக்கு ஒரு நேரம், பெண்பிள்ளைக்கு மறைவோடு ஒரு நேரம். நாங்கள் சம்பளம் கேட்கமாட்டோம்.

அந்தக் கூட்டத்தில் எழும்பிய வாப்பாவுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் பிள்ளையை டொக்டராக்கக் கனவு காண்கிறீர்கள், அல்லாஹ் கபூல் செய்வான். அந்த டொக்டர் முப்பத்தைந்து வயதில் தானே நோயாளியாகிவிடக்கூடாது என்றுதான் நாங்கள் வெயிலில் நிற்கிறோம். உங்கள் மகனைக் கிழமைக்கு நாற்பது நிமிடம் எங்களிடம் தாருங்கள். வியர்த்துப்போய், சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வருவான். அன்றைக்குப் பின்னேரம் அவன் கணக்குச் செய்கிற வேகத்தை நீங்களே பாருங்கள்.

பிழை சொல்லியிருந்தால் கீழே எழுதுங்கள். சரி என்று பட்டால் உங்கள் பாடசாலை அதிபருக்கு அனுப்புங்கள்.

வஸ்ஸலாம்.
சவளக்கடையிலிருந்து, உங்கள் பிள்ளைகளின் உடற்கல்வி ஆசிரியர்கள்.